கரையெல்லாம் செண்பகப்பூ (புதினம்)

இக்கட்டுரை சுஜாதா எழுதிய புதினத்தைப் பற்றியது. இப்புதினத்தைத் தழுவி 1981 இல் இதே பெயரில் வெளிவந்த திரைப்படம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் தனித்தலைப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது.

கரையெல்லாம் செண்பகப்பூ என்பது தமிழ் எழுத்தாளர் சுஜாதா எழுதிய மர்மப் புதினம் ஆகும். ஆனந்த விகடன் வார இதழில் தொடர்கதையாக வெளிவந்த இப்படைப்பு பின்னர் நூல் வடிவம் பெற்றுப் பல பதிப்புகளைக் கண்டது. நாட்டார் பாடல்களைத் திரட்டி ஆய்வு செய்வதற்காகத் திருநிலம் என்னும் சிற்றூருக்கு வரும் கல்யாணராமன் என்ற இளைஞன், அவ்வூரின் பழைய ஜமீன் மாளிகையில் தங்குவதும், அங்கு நிகழும் கொலை ஒன்றின் உண்மையைத் தேடுபவனாக மாறுவதும் இதன் கதையாகும். நகரத்தையும் நீதிமன்றத்தையும் களமாகக் கொண்ட சுஜாதாவின் பிற குற்றப் புதினங்களிலிருந்து, கிராமியச் சூழலாலும் நாட்டார் பாடல்களாலும் இப்புதினம் வேறுபட்டு நிற்கிறது. கிராமத்தில் நடக்கும் கொலை மர்மக் கதை என்னும் வகைக்குத் தமிழில் எடுத்துக்காட்டு கூறும்போது முதலில் நினைக்கப்படும் படைப்புகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

ஆசிரியர்

சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (மே 3, 1935 - பெப்ரவரி 27, 2008) சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. நிறுவனத்தில் மின்னணுப் பொறியியலும் பயின்றார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் இவருக்குப் பங்குண்டு.

1968 இல் குமுதம் இதழில் வெளிவந்த நைலான் கயிறு இவரது முதல் தொடர்கதையாகும். இதில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷும், பின்னாளில் அவருக்கு இளையவராக வந்து சேர்ந்த வசந்தும் தமிழ் வாசகரிடையே பெரும் புகழ் பெற்ற இணையாயினர். ஆனால் கரையெல்லாம் செண்பகப்பூவில் இவ்விருவரும் இடம்பெறவில்லை. தொழில்முறைத் துப்பறிவாளர் எவரும் இன்றி, குற்றவியலில் பயிற்சி ஏதும் இல்லாத ஒருவனின் கண்கள் வழியே மர்மம் அவிழ்வது இப்புதினத்தின் முதன்மையான அமைப்பு வேறுபாடாகும்.

தமிழில் துப்பறியும் புதினம்

தமிழில் துப்பறியும் கதைகள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டன. பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 1894 இல் எழுதிய தானவன் இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் இத்துறையில் பெருமளவில் எழுதினர். ஆங்கிலப் புதினங்களைத் தமிழ்ச் சூழலுக்கேற்பத் தழுவி எழுதுவது அக்காலத்தில் பரவலான வழக்கமாக இருந்தது. ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் அன்றைய வாசகரிடையே நன்கு அறியப்பட்ட பாத்திரங்கள். திகம்பர சாமியார் 1950 இல் திரைப்படமாகவும் வந்தது.

அடுத்த தலைமுறையில் தேவன் (ஆர். மகாதேவன், 1913 - 1957) படைத்த துப்பறியும் சாம்பு, நகைச்சுவையை முதன்மையாகக் கொண்டு ஆனந்த விகடனில் வெளிவந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால் இதற்கு நேர்மாறாக, நாடு நாடாகச் சென்று துப்பறியும் நாயகனாக அமைந்தார். இக்கதைகளில் பெரும்பாலானவை நகரத்தையோ, செல்வர் மாளிகையையோ, வெளிநாட்டையோ களமாகக் கொண்டவை. உழவும் அறுவடையும் திருவிழாவும் நிறைந்த சிற்றூர் ஒன்று தனக்கே உரிய பேச்சோடும் பாட்டோடும் துப்பறியும் கதையின் களமாவது அரிதாகவே இருந்தது. இவ்விடைவெளியில்தான் சுஜாதாவின் இப்புதினம் வந்து சேர்ந்தது.

கதைச்சுருக்கம்

நாட்டார் பாடல்களைச் சேகரிக்கும் நோக்குடன் கல்யாணராமன் திருநிலத்திற்கு வருகிறான். ஊரில் ஆள் குடியிருப்பு அற்றுக் கிடக்கும் ஜமீன் மாளிகையில் அவன் தங்குவதற்கு இடம் கிடைக்கிறது. ஊர் மக்களுடன் பழகிப் பாடல்களைப் பதிவு செய்யும் முயற்சியில், வெள்ளி என்னும் கிராமத்துப் பெண்ணை அறிகிறான். கள்ளமற்ற இயல்பும் பாடும் திறனும் கொண்ட வெள்ளியின்பால் அவன் மனம் செல்கிறது. ஆனால் வெள்ளியோ தன் முறைமாப்பிள்ளையான மருதமுத்துவையே எண்ணி வாழ்பவள்.

இந்நிலையில் ஜமீன் குடும்பத்தின் பேத்தியான சிநேகலதா நகரத்திலிருந்து வந்து மாளிகையில் தங்குகிறாள். அவளுடைய நகர நாகரிகம் மருதமுத்துவை ஈர்க்கிறது. அவன் வெள்ளியை விட்டு விலகிச் செல்ல, வெள்ளி மனம் உடைகிறாள். இதனிடையே மாளிகையில் இரவு நேரங்களில் விளக்கம் காண இயலாத ஓசைகள் கேட்கின்றன. பேய் நடமாட்டம் என்று ஊரார் நம்ப, கல்யாணராமன் காரணம் தேட முற்படுகிறான்.

பின்னர் சிநேகலதா கொலையுண்டு கிடக்கிறாள். ஐயம் மருதமுத்துவின்மீது விழுகிறது. அவன் குற்றமற்றவன் என்று உறுதியாக நம்பும் வெள்ளியின் பொருட்டு, கல்யாணராமன் உண்மையைக் கண்டறியும் பொறுப்பை ஏற்கிறான். மாளிகையின் பழைய வரலாறும், பழைய நாட்குறிப்பு ஒன்றும், மறைத்து வைக்கப்பட்ட செல்வம் பற்றிய செய்தியும் அவனுக்கு வழிகாட்டுகின்றன. இரவு ஓசைகளுக்கும் கொலைக்கும் இடையிலான தொடர்பு இறுதியில் வெளிப்படுகிறது.

தான் விரும்பும் பெண்ணின் காதலனை விடுவிப்பதற்காகவே நாயகன் உழைக்கிறான் என்பது இக்கதையின் உணர்ச்சி மையமாகும். மர்மத்தைத் தீர்ப்பதால் அவனுக்குக் கிட்டுவது எதுவும் இல்லை. மாறாக, வெற்றி பெறுவதே அவனுடைய இழப்பாகிறது.

முதன்மைக் கதைமாந்தர்

கல்யாணராமன்: நகரத்திலிருந்து வரும் நாட்டார் பாடல் ஆய்வாளன். கூச்சமும் நகைச்சுவை உணர்வும் கொண்டவன். வீரச் செயல் புரியும் நாயகனாக அல்லாமல், தன் அச்சத்தையும் குழப்பத்தையும் ஒப்புக்கொள்ளும் இயல்பான மனிதனாகப் படைக்கப்பட்டுள்ளான்.

வெள்ளி: கிராமத்து இளம்பெண். கல்யாணராமனுக்குப் பாடல்களின் உலகத்தை அறிமுகம் செய்பவள். மருதமுத்துவின்மீது அசையாத அன்பு கொண்டவள்.

மருதமுத்து: வெள்ளியின் முறைமாப்பிள்ளை. சிநேகலதாவின்மீது கொண்ட மயக்கமே பின்னர் அவன்மீது ஐயம் விழக் காரணமாகிறது.

சிநேகலதா: ஜமீன் குடும்பத்தின் வாரிசு. நகரத்தில் வளர்ந்தவள். அவளது வருகை ஊரின் அமைதியைக் குலைக்கிறது. அவளது மரணம் கதையைத் துப்பறியும் கதையாக மாற்றுகிறது.

களமும் காலமும்

திருநிலம் ஆசிரியரின் கற்பனை ஊர் ஆகும். எனினும் அதன் நடுவில் நிற்கும் பாழடைந்த மாளிகை தமிழகத்தின் உண்மையான வரலாற்று மாற்றம் ஒன்றைச் சுட்டுகிறது. 1948 ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்தாரி முறை முடிவுக்கு வந்தது. நிலவரி வசூலிக்கும் உரிமையை இழந்த ஜமீன் குடும்பங்கள் பலவற்றின் வாரிசுகள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அதிகாரம் போன பின்னும் மாளிகை மட்டும் ஊரில் எஞ்சி நின்றது. அதைப் பற்றிய கதைகளும், நிலவறையில் பொன் புதைந்து கிடக்கிறது என்பது போன்ற நம்பிக்கைகளும் ஊரார் பேச்சில் தங்கிவிட்டன.

இப்புதினத்தின் மர்மம் இச்சூழலிலிருந்தே பிறக்கிறது. மாளிகை ஊரின் நடுவே இருந்தும் ஊருக்கு உரியதாக இல்லை. அதன் உரிமையாளர் ஊரில் இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்பதை எவரும் முழுமையாக அறியார். மூடிய அறை, பழைய நாட்குறிப்பு, இரவு ஓசை முதலிய மர்மக் கதைக் கூறுகள் ஐரோப்பிய மாளிகைக் கதைகளிலும் காணப்படுபவையே. ஆனால் இங்கு அவை தமிழ்க் கிராமம் ஒன்றின் நில உடைமை வரலாற்றோடு பொருந்தி அமைவதால் இரவல் பொருளாகத் தோன்றுவதில்லை.

நாட்டார் பாடல்கள்

புதினத்தின் தலைப்பு ஒரு நாட்டார் பாடலின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தியாயங்களின் தொடக்கத்திலும் கதையோட்டத்தின் இடையிலும் நாட்டார் பாடல் வரிகள் எடுத்தாளப்பட்டுள்ளன. செண்பகம் தமிழ் இலக்கியத்திற்குப் பழைமையான மலர் ஆகும். சங்க நூலான குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களுள் சண்பகம் என்ற பெயரில் அது இடம்பெறுகிறது.

கல்யாணராமனின் தொழில் கற்பனையாகப் பொருத்தப்பட்ட ஒன்றன்று. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தமிழகத்தில் நாட்டார் பாடல் தொகுப்புப் பணி வேகம் பெற்றிருந்தது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களை கி. வா. ஜகந்நாதன் மலையருவி என்ற தொகுப்பாகப் பதிப்பித்தார். பேராசிரியர் நா. வானமாமலை (1917 - 1980) தமிழர் நாட்டுப் பாடல்கள் என்ற விரிவான தொகுப்பை வெளியிட்டதுடன், ஆராய்ச்சி என்ற இதழின் வழியாக இத்துறைக்குக் கல்விசார் அடித்தளம் அமைத்தார். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, தெம்மாங்கு, கும்மி என வகைப்படுத்தப்படும் இப்பாடல்கள் எழுத்தில் இன்றி வாய்மொழியாகவே வழங்கி வந்தவை. பாடுபவர் மறைந்தால் பாட்டும் மறையும் என்ற அச்சமே தொகுப்பாளர்களை ஊர் ஊராகச் செல்ல வைத்தது.

இப்புதினத்தில் பாடல்கள் மூன்று வகையில் பயன்படுகின்றன.

முதலாவதாக, அவை நாயகன் ஊருக்குள் நுழைவதற்குக் காரணமாகின்றன. அறிமுகமற்ற ஒருவன் வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்பதும், பேச்சுகளைக் குறித்துக்கொள்வதும் கிராமத்தில் ஐயத்தைக் கிளப்பும். பாட்டுக் கேட்க வந்தவன் என்னும் நிலை அவனுக்கு அவ்வுரிமையை அளிக்கிறது. துப்பறிவாளனுக்குத் தேவையான இதே உரிமை, கொலைக்குப் பின் அவனுக்கு உதவுகிறது.

இரண்டாவதாக, பாடல்கள் கதைமாந்தரின் மனநிலையைக் குறிப்பாக உணர்த்துகின்றன. நேரடியாகச் சொல்ல இயலாத ஏக்கமும் ஊடலும் பாட்டின் வழியே வெளிப்படுவது நாட்டார் மரபின் இயல்பாகும். இடைவிட்டுச் செல்லும் சுருக்கமான நடையில் எழுதும் சுஜாதாவுக்கு இது ஏற்ற கருவியாக அமைந்தது.

மூன்றாவதாக, பாடல்கள் கதையின் வேகத்தைத் தணிக்கின்றன. வார இதழ்த் தொடர்கதையில் ஒவ்வோர் இதழும் எதிர்பார்ப்பைத் தூண்டி முடிய வேண்டும். அத்தகைய அமைப்பிலும் நின்று கேட்பதற்கான இடங்களைப் பாடல்கள் உருவாக்கித் தருகின்றன.

கிராமத்துக் கொலைக்கதை என்னும் வகை

ஆங்கிலத்தில் கோசி என்று வழங்கப்படும் துப்பறியும் கதை வகைக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. சிறிய, ஒருவரையொருவர் அறிந்த சமூகத்தில் கொலை நிகழ்தல், வன்முறை பெரும்பாலும் காட்சிக்கு அப்பால் நடத்தல், காவல்துறையைச் சாராத ஒருவர் உண்மையைக் காணல், இறுதியில் ஊரின் ஒழுங்கு மீளல் ஆகியன இவ்வகையின் பொதுக்கூறுகள். அகதா கிறிஸ்டி இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவருடைய மிஸ் மார்ப்பிள் துப்பறியும் முதல் முழுப் புதினமான தி மர்டர் அட் த விகரேஜ் 1930 இல் வெளிவந்தது. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைச் சிற்றூரில் வாழும் மிஸ் மார்ப்பிள், மனித இயல்பைத் தன் ஊராரைக் கவனித்தே கற்றவர். எங்கோ நடக்கும் குற்றத்தையும் ஊரில் தான் கண்ட சிறு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு விடை காண்பார்.

கரையெல்லாம் செண்பகப்பூ இவ்வகையோடு ஒத்துப்போகும் இடங்களும் விலகும் இடங்களும் உள்ளன. சிறிய ஊர், தொழில்முறை சாராத துப்பறிவாளன், மாளிகை, மெல்லிய நகைச்சுவை ஆகியன ஒத்துப்போகும் கூறுகள். ஆனால் மிஸ் மார்ப்பிள் ஊரின் உள்ளிருந்து பார்ப்பவர். கல்யாணராமனோ வெளியிலிருந்து வந்தவன். ஊரின் பேச்சும் உறவுமுறையும் அவனுக்குப் புதியவை. அவன் உண்மையை அறிவதற்கு முன் ஊரை அறிய வேண்டியுள்ளது. வாசகரும் அவனோடு சேர்ந்தே ஊரைக் கற்கின்றனர்.

முடிவிலும் வேறுபாடு உள்ளது. ஆங்கிலக் கிராமத்துக் கதைகளில் கொலையாளி அகற்றப்பட்டதும் தேநீர் மேசை பழையபடி நிறைந்துவிடும். இங்கு ஊர் தன் வழக்கத்திற்குத் திரும்பினாலும், நாயகனின் மனம் திரும்புவதில்லை. எனவே முழுமையான இதமான கதை என்று இதனைக் கூற இயலாது. துப்பறியும் கதையின் நிறைவும் காதல் கதையின் நிறைவின்மையும் ஒருங்கே அமைந்தது என்பதே பொருத்தமான வரையறையாகும்.

வாசகர் மதிப்பீடு

பாராட்டப்படும் கூறுகள்

சுஜாதாவின் புதினங்களில் விரும்பிப் படிக்கப்பட்டவற்றுள் ஒன்றாக இப்புதினம் பல தலைமுறைகளாக நீடித்து வருகிறது. வாசகர் இதனை நினைவுகூரும்போது முதலில் குறிப்பிடுவது பெரும்பாலும் கொலையாளியின் பெயரை அன்று. வெள்ளியையும் பாடல்களையும் இரவில் மாளிகையில் கேட்கும் ஓசையையுமே. மர்மக் கதை ஒன்றுக்கு இது குறையா நிறையா என்பது சிந்திக்கத்தக்கது. விடையை அறிந்தபின் மீண்டும் படிக்கத் தேவையற்றது என்பதே துப்பறியும் கதைமீது வழக்கமாகக் கூறப்படும் குற்றச்சாட்டு. விடை தெரிந்த பின்னும் ஒரு கதை மீண்டும் படிக்கப்படுமாயின், அதன் மதிப்பு புதிரில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

நடையும் பாராட்டப்படும் மற்றொரு கூறாகும். குறுகிய வாக்கியங்கள், உரையாடலின் இயல்பான தொனி, விவரிப்பில் காட்டும் சிக்கனம் ஆகியன சுஜாதாவின் தனி முத்திரைகள். பேய் என்று ஊரார் நம்பும் நிகழ்வுகளுக்கு நாயகன் காரணம் தேடுவதில் ஆசிரியரின் அறிவியல் நோக்கும் வெளிப்படுகிறது. இதே நோக்கை அவருடைய கொலையுதிர் காலம் புதினத்தில் மேலும் விரிவாகக் காணலாம்.

விமர்சனங்கள்

இப்புதினத்தின்மீது வைக்கத்தக்க விமர்சனங்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

புதிரின் நேர்மை முதலாவதாகும். துப்பறியும் கதையில் துப்புகள் அனைத்தும் வாசகர்முன் வைக்கப்பட வேண்டும் என்ற கொள்கையை ரொனால்டு நாக்ஸ் 1929 இல் பத்து விதிகளாக வகுத்தார். இவ்வளவுகோலைக் கடுமையாகப் பயன்படுத்தும் வாசகருக்கு இப்புதினம் முழு நிறைவு தராது. நாயகனோடு சேர்ந்து கணக்கிட்டு விடை காண்பதைவிட, அவனோடு சேர்ந்து அஞ்சுவதற்கும் வியப்பதற்குமே இதில் இடம் அதிகம். புதையல், பழைய நாட்குறிப்பு ஆகியன வழக்கமான உத்திகள் என்பதும் மறுக்கத்தக்கதன்று.

கிராமத்தைப் பார்க்கும் பார்வை இரண்டாவதாகும். திருநிலம் நகரத்தவன் ஒருவனின் கண்வழியாகவே காட்டப்படுகிறது. வெள்ளியின் எளிமை போற்றப்படும் விதத்தில், கிராமத்துப் பெண் என்றால் கள்ளமற்றவள், நகரத்துப் பெண் என்றால் குழப்பம் விளைவிப்பவள் என்ற எளிய எதிர்நிலை உருவாகிறது. வெள்ளி, சிநேகலதா ஆகிய இருவரும் தம் பார்வையில் தம் கதையைச் சொல்ல வாய்ப்புப் பெறுவதில்லை. கரிசல் நிலத்து வாழ்வை அம்மண்ணின் மொழியிலேயே எழுதிய கி. ராஜநாராயணனின் படைப்புகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு புலப்படும். எனினும் ஆசிரியர் தம் நாயகனை அனைத்தும் அறிந்தவனாகக் காட்டவில்லை. அவன் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்களும் கேலிக்குள்ளாகும் இடங்களும் கதையில் உள்ளன.

மூன்றாவது, வெகுசன எழுத்தின் மதிப்பைப் பற்றிய பொதுவான விவாதமாகும். இலக்கிய விமர்சகர்கள் பலர் சுஜாதாவின் சிறுகதைகளையும் நாடகங்களையும் அவருடைய தொடர்கதைகளைவிட உயர்வாக மதித்தனர். வார இதழின் பக்க அளவுக்கும் காலக்கெடுவுக்கும் உட்பட்டு எழுதப்படும் தொடர்கதையில் ஆழம் குறையும் என்பது அவர்களின் வாதம். இவ்விவாதம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1945 இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற புதினம் ஒன்றின் பெயரைச் சுட்டி, அதில் கொலையுண்டவரை யார் கொன்றால் என்ன என்று வினவும் தலைப்பில் துப்பறியும் கதைகளைச் சாடினார். மாறாக, கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948 இல் எழுதிய கட்டுரையில், குற்றமற்றதாகத் தோன்றும் சமூகத்தில் கொலை நிகழ்வதும், குற்றவாளி கண்டறியப்பட்டு அச்சமூகம் தூய்மை பெறுவதுமே இக்கதைகள் தரும் ஆறுதல் என்று விளக்கினார்.

ஆடனின் விளக்கத்தைத் திருநிலத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். கொலைக்கு முன்னும் அவ்வூர் குற்றமற்றதாக இல்லை. மாளிகைக்கும் குடிசைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வும், வெளியூர் வாரிசின்மீது கொண்ட மயக்கமும், புதையல் பற்றிய ஆசையும் ஏற்கனவே அங்கு இருந்தன. செல்வாக்கற்ற கிராமத்து இளைஞன் ஒருவன்மீது பழி எளிதில் விழுவதும், அவனுக்காகப் பேச வெளியூர்ப் படிப்பாளி ஒருவன் தேவைப்படுவதும் கதை அழுத்திச் சொல்லாமல் காட்டும் உண்மைகள். மருதமுத்து விடுபடாவிட்டால் வெள்ளியின் வாழ்வு என்னவாகும் என்ற கேள்வியே, கொலையாளி யார் என்ற கேள்வியைவிட வாசகரை முன்னோக்கிச் செலுத்துகிறது.

மதிப்பிடும் அளவுகோல்கள்

கிராமத்து மர்மப் புதினம் ஒன்றைப் படிக்கும் மாணவர் கீழ்க்காணும் கேள்விகளை எழுப்பிப் பார்ப்பது பயன்தரும்.

1. ஊர் வெறும் பின்திரையாக உள்ளதா, அல்லது குற்றத்தின் காரணத்திலேயே பங்கு கொள்கிறதா? களத்தை நகரத்திற்கு மாற்றினாலும் கதை மாறாது எனில், அது பெயரளவிலேயே கிராமத்துக் கதை.

2. துப்பறிபவருக்கு உண்மையைத் தேடத் தனிப்பட்ட காரணம் உண்டா? ஆர்வம் மட்டுமே காரணமாயின் கதை புதிராக நின்றுவிடும்.

3. கொலையுண்டவர் மனிதராகத் தெரிகிறாரா, அல்லது கதை தொடங்குவதற்கான பொருளாக மட்டும் உள்ளாரா?

4. விடை வெளிப்படும்போது முன்னர்ப் படித்த காட்சிகள் புதிய பொருள் பெறுகின்றனவா?

5. ஒழுங்கு மீண்ட பின் இழப்பு யாருக்கு எஞ்சுகிறது?

முதல், இரண்டாம், ஐந்தாம் கேள்விகளுக்கு இப்புதினம் வலுவான விடை தருகிறது. மூன்றாவதில் அது தடுமாறுகிறது. சிநேகலதாவின் மரணத்தைவிட, அதனால் பிறருக்கு விளையும் துன்பமே கதையில் முதன்மை பெறுகிறது. நான்காவதில் வாசகரிடையே கருத்து வேறுபாடு நிகழ்வது இயல்பே.

திரைப்படம்

இப்புதினம் 1981 இல் இதே பெயரில் திரைப்படமாக வெளிவந்தது. ஜி. என். ரங்கராஜன் இயக்கினார். கல்யாணராமனாகப் பிரதாப் போத்தனும், வெள்ளியாக ஸ்ரீபிரியாவும், சிநேகலதாவாகச் சுமலதாவும் நடித்தனர். மனோரமாவும் இதில் நடித்துள்ளார். இளையராஜா இசையமைத்தார். நாட்டார் இசையின் சாயலைத் தமிழ்த் திரையில் பரவலாக்கிய இளையராஜா, நாட்டார் பாடலை மையமாகக் கொண்ட இக்கதைக்கு இசையமைத்தது பொருத்தமாக அமைந்தது.

சுஜாதாவின் காயத்ரி (1977), ப்ரியா (1978) ஆகிய கதைகளும் முன்னரே திரைப்படங்களாகியிருந்தன. எழுத்தில் ஆசிரியரின் நடை செய்யும் பணியைத் திரையில் ஒளிப்பதிவும் இசையும் செய்ய வேண்டியுள்ளமையால், புதினத்தைப் படித்தவரும் படத்தை மட்டும் கண்டவரும் இக்கதையை வெவ்வேறு வகையில் நினைவில் வைத்துள்ளனர். அத்தியாயத் தலைப்பில் அமைதியாக வாசிக்கப்பட வேண்டிய பாடல், திரையில் இசையுடன் முழுமையாக ஒலிக்கும்போது, குறிப்பாக உணர்த்தும் பண்பை இழந்து உணர்ச்சியை நேரடியாகத் தருகிறது.

தமிழ் மர்மக் கதையில் இடம்

1980களில் மலிவு விலை மாத நாவல்களின் வழியே ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோரின் குற்றக் கதைகள் பெரும் வாசகப் பரப்பை அடைந்தன. இவற்றுள் மிகுதியானவை நகரத்தையும் காவல்துறை விசாரணையையும் களமாகக் கொண்டவை. கிராமத்தையும் நம்பிக்கையையும் இணைத்த மர்மக் கதையை இந்திரா சௌந்தர்ராஜன் வேறு திசையில் கொண்டு சென்றார். அவருடைய விட்டுவிடு கருப்பா என்ற புதினத்தைத் தழுவி, நாகா இயக்கத்தில் 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான விடாது கருப்பு தொடர், காவல் தெய்வத்தின்மீதான நம்பிக்கையையும் உளவியல் விளக்கத்தையும் எதிரெதிரே நிறுத்தியது.

ஊர் நம்பிக்கை ஒருபுறமும் பகுத்தறிவு மறுபுறமும் நிற்க, இடையில் ஒரு மரணம் என்னும் இவ்வமைப்பைக் கரையெல்லாம் செண்பகப்பூவிலும் காணலாம். ஆனால் சுஜாதாவின் புதினத்தில் அச்சத்தின் இடத்தைப் பாட்டு பகிர்ந்துகொள்கிறது. ஊரின் நம்பிக்கைகளை ஆராய வந்தவன் அல்லன் கல்யாணராமன். ஊரின் பாடல்களைக் கேட்க வந்தவன். அவன் தேடி வந்தது மறைந்துபோகக்கூடிய பாடல்கள். அவன் கண்டறிய நேர்ந்தது மறைக்கப்பட்ட குற்றம். ஊர் தானாகச் சொல்லாததைப் பொறுமையாகக் கேட்டு அறிதல் என்பதே இரண்டு பணிகளுக்கும் பொதுவானது.

இவற்றையும் பார்க்க

சுஜாதா
நைலான் கயிறு
கொலையுதிர் காலம்
துப்பறியும் சாம்பு
நா. வானமாமலை
நாட்டார் பாடல்
அகதா கிறிஸ்டி